4417

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
வெள்ளிக் கரைசலில் நனைத்த துண்டு
மெல்லக் கருக்கிறது.
லென்சுக்குக் கீழே அவை எழுந்து வருகின்றன,
ரத்தத்தோடு சுற்றாமல்
மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்கள்.
உடைமரம்போலக் கையும் கிளையுமாய் நிற்கவேண்டியவை
இந்த ஆளுக்குக் கை சுருங்கி, வயிறு பெருத்து,
பந்திக்கு முந்தியவர்கள்போல இருக்கின்றன.

படிவத்தில் பெயர் கிடையாது. எண் 4417.
வயது ஐம்பத்தாறு.
தொழில்: ராக்காவல், பேட்டை ரைஸ் மில்.
"இருவது வருசமா ராத்திரி கண்ணசராத ஆளுல்லா"
என்கிறார் மாசானம், டீயை ஆற்றிக்கொண்டே.
படிவத்தில் இல்லாததும் அவருக்குத் தெரியும்.

விழித்திருக்கும்வரை
நரம்பு ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டு
இவற்றின் கையைப் பிடித்துவைக்குமாம்.
நாம் அயர்ந்ததும் பிடி விடும்.
கைகள் நீளும்,
இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்க்கும்,
இது இருக்கட்டும், இது போகட்டும்.
தூக்கம் கெட்ட தலையில்
பார்ப்பது குறைந்து தின்பது கூடும்.
எலியில் கண்டது இது, மனுசனில் அவ்வளவு உறுதியில்லை.
நான் எண்ணி எழுதுகிறவள். முடிவு சொல்ல டாக்டர் வருவார்.

எனக்கு இது தொடர்ந்து பதினெட்டாவது ராத்திரி.
நேற்று வண்ணார்பேட்டை ஏடிஎம்மில்
நாலு எண்ணும் போய்விட்டது.
பின்னால் நின்றவர் கனைத்தார்.
மகள் அஞ்சாம் வகுப்பு பி-யா, சி-யா?
மாசானத்துக்குச் சீட்டுப் பணம் கொடுத்தேனா?
கொடுக்கவில்லை என்று அவரும் சொல்லவில்லை.
ஆனால்
போன பெருநாளைக்கு, சோறு பரிமாறும்போது,
மதினி சொன்னாளே,
'ராத்திரி வேலைக்குப் போறவளுக்கு வீடு எதுக்கு' என்று,
அது ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது.
தின்கிறவர்களே,
அந்தப் பக்கம் போகவே மாட்டீர்களா?

ஏழரை பஸ்ஸில் மேலப்பாளையம்.
படுக்கை. ஜன்னல். வெயில்.
பக்கத்து வீட்டில் ஜொஹரா பீடி இலை வெட்டுகிறாள்.
ஒவ்வொன்றின் மேலும் தகர அளவை வைத்து
சரக், சரக்.
பொத்தலும் பழுப்பும் கீழே விழுகின்றன.
அவசரத்தில் வெட்டினால் நல்ல இலையும் போகும்,
கம்பெனிக்காரன் கணக்கில் கழிப்பான்.
அதனால் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவாள்.

சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.
சாத்தவில்லை.

சரக்.
ரைஸ் மில்லில் இன்றைக்கு யார் காவல்?
சரக்.
நாலு எண்ணில் முதலாவது வருகிறது, ஏழு.
அடுத்தது