தும்பு

ஆனைக்கோட்டையில் ஐந்தாம் நாள் மழை.
அறைக்குள் கட்டிய நைலோன் கொடியில்
பெடியனின் பள்ளிக்கூடச் சேட்டு
பூஞ்சணம் மணக்கிறது.
ட்ரையர் சுற்றுகிறது, சுடவில்லை.
ஈர உடுப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு
ஒரு மணித்தியாலம் விளையாடிவிட்டு
ஈரமாகவே திருப்பித் தருகிறது.

பிளக்கைக் கழற்றினேன். முதலில் அது.
பிறகு பின்தகட்டின் ஒன்பது திருகாணி.
எட்டைச் சிரட்டைக்குள் போட்டேன்,
ஒன்பதாவது மேசைக்குக் கீழே எங்கோ உருண்டது.
மீற்றரின் இரண்டு முனையையும் வைத்துப் பார்க்கச்
சத்தமில்லை.
வெள்ளைப் பிளாஸ்ரிக், சின்னவிரல் நகமளவு,
சூட்டு பியூஸ் செத்திருந்தது.

ஸ்ரான்லி வீதியில் முதல் கடைப் பெடியன் சிரித்தான்:
"யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இதென்னத்துக்கு அக்கா?"
அவன் கடைவாசலில் கணுக்கால் வெள்ளம்.
இரண்டாவது கடையில் சொன்னார்கள்,
"வயரைச் சேர்த்து நேரடியாக் குடுங்கோ, ஓடும்."
ஓடும்தான்.
எரிந்த கூரைகளை எண்ணிய ஊர் இது.
நான் நேரடியாகக் கொடுக்கமாட்டேன்.
மூன்றாவது கடை சுவாம்பிள்ளை
சோத்துக் குக்கரின் பியூஸை நீட்டினார்.
கண்ணாடியைப் போட்டு இலக்கத்தை வாசித்தேன்:
நூற்றெண்பத்து நாலு.
சோறு தாங்குகிற சூடு வேறு,
சட்டை தாங்குகிற சூடு வேறு.
முணுமுணுத்தபடி பிஸ்கற் ரின்னைக் கவிழ்த்து
சரியானதைத் தேடித் தந்தார்.
எண்ணூறு ரூபா.

ஆனால் பியூஸ் சும்மா சாவதில்லை,
சூடு வெளியே போக வழியில்லாதபோது சாகிறது.
வெளிச்சுவரில் குழாய் முடிகிற இடத்தில்
குளவி மண் குழைத்துக் குடியிருந்தது.
மாசியில் நிறுத்திய மெஷின்.
ஒன்பது மாதம் மூச்சுவிடாத வாய்.
ஆணியால் குத்தி உடைத்தேன்.
அறைக்கு ஒன்றாய் மயங்கிய பச்சைப் புழு.
வலை அடிக்க நினைத்து விட்டுவிட்டேன்,
வலையில் தும்பு பிடித்து மறுபடி அடைக்கும்.
பால்மா ரின்னில் ஒரு மூடி வெட்டி
தானே திறந்து தானே மூட விட்டேன்.

பிறகு தும்பு.
வடிதட்டுக்குக் கீழே முழங்கை வரை கையை விட்டு
இழுக்க இழுக்க வந்தது,
பூனைக்குட்டி பருமனில்.
அவரின் ஊதாச் சாரம், துவாயின் சிவப்பு,
எல்லாம் சேர்ந்தால் ஏன் சாம்பலாகிறது?
அதற்குள்
கொடிகாமத்துக்கு ஒரு பஸ் ரிக்கற்,
ஒரு பொத்தான்,
என் ஒற்றைத் தோடு.

போன மார்கழி.
நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
புஸ்பமலர் தரை துடைத்துக்கொண்டிருக்க
அலுமாரியைத் திறந்து
மற்றத் தோட்டைக் கையில் வைத்துப் பார்த்தேன்,
அவள் பார்க்கும்படி.
அடுத்த நாள் அவள் வரவில்லை.
பதினொரு நாள் சம்பளம் மிச்சம்,
அதைக் கேட்டும் வரவில்லை.

காக்கைதீவு இங்கிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம்.
குடை இருக்கிறது.

பின்தகட்டை எட்டுத் திருகாணியில் பூட்டினேன்.
சேட்டுகள் சுற்ற, பத்து நிமிடத்தில் கதவுக் கண்ணாடி சுட்டது.
மேலே வைத்த தோடு அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புக்கு நகர்ந்தது. எடுத்து நடுவில் வைத்தேன்.

ஓடுகிற ட்ரையரை விட்டுவிட்டு
வீட்டைப் பூட்டிப் போகக்கூடாது.
கூட வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.
எழுபது நிமிடம்.
மணி அடித்தது.
சேட்டுகள் சுடச்சுட இருந்தன.
கொலரைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் ஈரம் என்று
எனக்கே சொல்லி
இன்னொரு எழுபது வைத்தேன்.