ஏணி

பக்கத்து யன்னலில் முத்திரை குத்தும் லலந்த
மூன்று மாதமாய் நாலேகாலுக்கே எழும்பிப் போன காரணம்
இரண்டு டிக்கட்டாய் என் மேசைக்கு வந்தது.
"கட்டாயம் வாங்க.
விளங்காட்டிப் பரவாயில்ல, எங்களுக்கும் விளங்கல்ல."

கறுவாத்தோட்டத்தில் மழை.
தர்மினி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
அரங்க வாசல் பளிங்கில் வெறுங்காலோடு நடந்தாள்.
வாசனைத் தைலங்கள் திரும்பிப் பார்த்தன.

மேடையில் ஒரேயொரு ஏணி.
முகட்டு இருட்டுக்குள் அதன் தலை போய்விட்டது.
கீழே இரண்டுபேர் பிடித்திருந்தார்கள்.
மேலே ஒருவன் ஏறிக்கொண்டிருக்கிறானாம்.
"போய்ச் சேர்ந்திட்டியா?"
பதிலுக்கு ஒரு சப்பாத்து விழுந்தது.
மோந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள்,
பூச்சாடிபோலத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள்.
அரைமணி கழித்து மற்றச் சப்பாத்து.
அதுவும் இடது கால்.

ஐரோப்பாவில் எழுதி எழுபது வருடம்,
சிங்களத்துக்கு வந்து இருபது என்று
பின்வரிசையில் யாரோ யாருக்கோ சொன்னார்.
எனக்குத் தெரிந்தது கவுண்டர்ச் சிங்களம்:
மீற்றர், நிலுவை, நாளைக்கு வாங்க.
அதுவே மிச்சம் பிடித்தது.

ஒருவரும் சிரிக்காத இடத்தில்
தர்மினி மட்டும் சிரித்தாள்,
மூக்கால், தும்மல் மாதிரி.
அரங்கு முழுவதும் சிரித்தபோது
கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இருண்டது.

நல்ல இருட்டு.
நெறியாளரை மெச்சத் தோன்றிய இருட்டு.
ஒரு நிமிடம். மூன்று.
குளிர்காற்று நின்று கழுத்தோரம் வேர்வை இறங்க
அதையும் நாடகத்தின் கணக்கில் எழுதிக்கொண்டோம்.
டோர்ச் ஒன்று நடுவழியால் வந்தது.
"கறண்ட் போயிட்டுது, ரோட்டு முழுக்க இல்ல"
என்றான் காவலாளி.
கைதட்டினோம்.
பயந்துபோய் டோர்ச்சை அணைத்தான்.

தட்டல் ஓய்ந்த பிறகு
மேடையிலிருந்து லலந்தவின் குரல், மெதுவாக:
"நான் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

அரங்கே மூச்சை உள்ளிழுத்தது.

நூறாம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை வரை
அந்த ஒரு வரியை விரித்துக்கொண்டே வந்தேன்:
அரசாங்கம், கடவுள்,
கனடாவில் அழைப்பெடுக்காத என் தம்பி.
தர்மினி யன்னலோரம் நித்திரை.
மடியில் இன்னும் செருப்பு.

மறுநாள் கேட்டேன்.
"அது வசனமில்ல" என்றான் லலந்த.
"ஏணியில ஒரு ஆணி கழன்றிட்டுது.
சப்பாத்துப் போடுற பொடியன் மேல நின்றவன்.
பதினேழு வயசு. இருட்டில இறங்கப் பயம்."

வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.
இடது கையால் குத்தினான்.
அன்றைய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றிலும்
சித்தாலேப மணம்.

திகதி விளங்கவில்லையென்று
தெகிவளை அம்மா ஒருவர்
தன்னுடையதைத் திருப்பித் தந்தார்.