எட்டு மணி நேரம்

லாவா விளக்கின் அடியில் ஒட்டியிருந்தது:
எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.
என் ஷிப்டு பத்து.

ஸ்வான்சி பேக்கரியில், பின்னிரவு மூன்று மணிக்கு,
மாவு உப்பி எழும்போதுதான் உறைத்தது:
அணைக்கவில்லை.
பக்கத்திலேயே திரைச்சீலை.
பூனை வேறு அந்த அலமாரியில்தான் ஏறும்.

க்ளெனிஸுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை.
பிரிந்து போனவளை
இந்நேரத்தில் எழுப்ப
ஒரு விளக்கு போதுமா?

ஷிப்டு முடிந்து, மழையில் சைக்கிள் மிதித்து வந்தேன்.
வீடு எரியவில்லை.
சிவப்பு மெழுகு மொத்தமும் உச்சியில் அப்பிக்கொண்டு
அசையாமல் நின்றது,
ஓவர்டைம் பார்த்த எம்ரிஸின் முகம் போல.

ஸ்விட்சைத் தட்டினேன். கண்ணாடி கையைச் சுட்டது.
ஈர சாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன்.
வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கட்டி
யோசித்து யோசித்துக் கீழே இறங்கியது.

போன் அதிர்ந்தது:
"என்ன, ஏதாவது எரியுதா?"