நில் என்றால் நிற்காத நிலம்

எங்கள் தெருவின் நடைபாதை ஓரக்கல்
நேராகத்தான் வருகிறது.
என் வீடு முடிந்து மரிசோலின் வீடு தொடங்கும் இடத்தில் மட்டும்
இடுப்பை ஒடித்து நிற்கிறது.
லாரி இடிக்கவில்லை,
மரத்தின் வேர் தூக்கவில்லை,
கட்டியவர் தூங்கி வழியவும் இல்லை.

ஹாலிஸ்டருக்குக் குடிவந்த முதல் வாரம்
அப்பா சுவரைத் தடவிப் பார்த்து
"பூச்சு சரியில்லை" என்றார்.
கொல்லைக் கதவு மூட மறுத்தது.
முன்வேலி நெளிந்து கிடந்தது.
வேலிக்கு மேலே தலை நீட்டிய மரிசோல்
சிரித்துக்கொண்டே சொன்னாள்:
"கதவு மேல தப்பு இல்ல.
வீடு நடந்து போயிட்டிருக்கு."

தட்டு என்றால் எனக்குத் தெரிந்தது
சாப்பாட்டுத் தட்டு.
பூமிக்கும் தட்டுகள் உண்டு,
பாறைத் தட்டுகள்.
ஒன்றில் கண்டம், ஒன்றில் கடல்,
சிலவற்றில் இரண்டும் கலந்து பரிமாறியிருக்கும்.
அவற்றுக்குக் கீழே
கல்லாய் இருந்துகொண்டே
மெல்ல மெல்லக் குழையும் சூடான பாறை.
அதன்மேல் தட்டுகள் ஊர்கின்றன.
பெரிய இரண்டு தட்டுகள் உரசும் எல்லையிலிருந்து
கிளை பிரிந்த ஒரு கோடு
எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே ஓடுகிறது.

என் வாசலில் நின்று பார்த்தால்
அவள் வீடு வலப்பக்கம் போகிறது.
அவள் வாசலில் நின்று பார்த்தால்
என் வீடு வலப்பக்கம் போகிறது.
அது எப்படி இரண்டுமே வலம்?
ஒரு நாள் முழுக்கச் சண்டை.
சாயங்காலம் இரண்டு நோட்டுகளை ஒட்டி வைத்து
உரசித் தள்ளிப் பார்த்தோம்.
இருவரும் சொன்னது சரி.
சண்டைதான் வீண்.

எவ்வளவு வேகம் என்றா கேட்கிறீர்கள்?
ஆண்டுக்கு ஒரு பச்சரிசி நீளம்.
சில ஆண்டு அதுவும் இல்லை, வெறும் நொய்.
சிரிக்காதீர்கள்.
தெற்கே பினக்கிள்ஸில்
பாதி எரிமலை ஒன்று நிற்கிறது.
அணைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.
மீதிப் பாதி
முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.
அரிசி அரிசியாய் நகர்ந்த தூரம் அது.
பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் பாறையில் கன்னம் வைத்து
"உன் பாதிக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.
வெயில் மட்டும் சுட்டது.

எல்லா எல்லைகளும் உரசிப் போவதில்லை.
இந்தியாவைச் சுமந்த தட்டு
கடலைத் தாண்டி வந்து ஆசியாவை முட்டியது.
தள்ளிய பாய் மடிந்து எழுவதுபோல்
எழுந்ததுதான் இமயம்.
இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது, பிடிவாதக்காரி.
அட்லாண்டிக்கின் அடியிலோ
தட்டுகள் விலக விலக
நெருப்புக்குழம்பு ஊறி வந்து
புதுத் தரை ஆகிறது.

எங்கள் கோடு பெரும்பாலும் சத்தமில்லாமல் வழுக்கும்.
எங்காவது மாட்டிக்கொண்டால்
இழுத்த வில்லாய் விறைத்திருந்து
ஒருநாள் விடுபடும். அன்று ஊரே ஆடும்.
அதனால்தான் என் கட்டிலுக்கு அடியில்
ஒரு ஜோடி ஷூ, ஒரு டார்ச்.

போன வியாழக்கிழமை நகராட்சி லாரி வந்தது.
ருபேன் ஒகாம்போ என்பவர் இறங்கி
ஓரக்கல்லை உடைக்கப் போனார்.
மரிசோல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.
அதில் எங்கள் பெயின்ட் குறிகள் இருந்தன,
மூன்று பிறந்தநாள் குறிகள்.
ருபேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"இங்க இது எனக்கு நாலாவது தடவை.
நான் நேராக்குவேன், அது வளைக்கும்.
சம்பளம் எனக்கு மட்டும்தான் வருது."

உடைத்தார். ஊற்றினார்.
ஈரம் காயுமுன் ஓர் ஆணியை நீட்டினார்.
என் வாசலில் தொடங்கி
அவள் வாசல் வரைக்கும்
ஒரே நேர்கோடு கீறினோம்.

நிலம் என்ற சொல்லுக்குள்
'நில்' ஒளிந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.
குனிந்து, கோட்டின் காதில்
"நீல்" என்றாள்.
அதற்குத் தமிழ் புரிந்ததா தெரியவில்லை.
அடுத்த பிறந்தநாளுக்கு
ஸ்கேல் எடுத்து வருவோம்.