நாலு இன்ச்

நான் கேட்டது நாலு இன்ச்தான்.

ஹவுசிங் போர்டு கட்டித் தந்த சமையல் மேடை
முப்பது இன்ச்.
யாரை மனதில் வைத்து அளந்தாரோ அந்த இன்ஜினியர்,
ஐந்தடி ஒன்பதில் ஒருத்தி
ராயக்கோட்டை சாலைக்குக் குடிவருவாள் என்று
அவருக்குத் தோன்றவில்லை.
பதினோரு வருஷமாய்க் குனிந்தே வெங்காயம் நறுக்குகிறேன்.
கண்ணீர் வெங்காயத்துக்கா இடுப்புக்கா,
பிரித்துச் சொல்ல முடியாது.

மாங்கூழ் ஆலையில் என் வேலையே அளப்பது.
பெங்களூரா பழத்தின் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துக்
கண்ணை இடுக்கினால்
இனிப்பு எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும்.
அரை டிகிரி தப்பினால் டேங்கர் திரும்பி வரும்.
அப்படிப்பட்டவள்,
மேஸ்திரி திம்மராயன் கல்யாணப் பத்திரிகையின் முதுகில்
"ஒரு நாப்பதாயிரம் ஆவும்க்கா" என்று எழுதியபோது
அந்த 'ஒரு'வை அளந்திருக்க வேண்டும்.

மேடையைப் பெயர்த்த முதல் நாளே
பின்னாலிருந்த குழாய் துருப்பொடியாய்க் கையோடு வந்தது.
குழாய்க்காகச் சுவரை உடைத்தால்
சுவருக்குள் எலி கடித்த ஒயர்.
ஒயருக்கு வந்த இலியாஸ்
மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு
செத்தவர் முகத்தில் துணி போடுவதுபோல மெல்ல மூடினார்.
"மாத்திடலாம் மேடம்."
மாத்திடலாம் என்றால் எத்தனை ரூபாய்
என்று எந்த அகராதியிலும் இல்லை.

எண்பது.
தொண்ணூற்றைந்து.
கிரஷர்காரர்கள் ஸ்டிரைக் என்றார்கள்.
ஸ்டிரைக் முடிந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள்,
விலை மட்டும் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.
டைல்ஸ் ஒட்டும் பீகார் பையன்கள்
கூலி அதிகமென்று ஓசூர் போய்விட்டார்கள்.
நானாயிருந்தாலும் போயிருப்பேன்.

கல்தான் எனக்கு விளங்கவில்லை.
மாடியில் துணி காயப்போடும்போது பார்க்கிறேன்,
பைபாஸில் லாரிக்கு ஒரு பாறை,
ஒவ்வொன்றும் எங்கள் சமையலறை அளவு,
எங்கள் மலையிலிருந்து துறைமுகத்துக்கு.
கடையில் கேட்டேன். கறுப்பு, சதுர அடி இருநூற்று எண்பது.
"எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்றார் கடைக்காரர்.
எட்டு கிலோமீட்டர் ஏற்றுமதியாகி வந்த கல்.
அதே வாரம் ஆலை வாசலில்
பெங்களூரா கிலோ ஐந்து ரூபாய்.
ஒரு சதுர அடிக்கு ஐம்பத்தாறு கிலோ பழம்.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், கணக்கு சரி.
டிராக்டர் மேல் இரவெல்லாம் காத்திருந்தவரிடம்
அதைச் சொல்லவில்லை.

"சொசைட்டியில நகையை வைக்கலாம்" என்றார் மாதேஷ்.
"நாலு இன்ச்சுக்கா?"
"நாலு இன்ச்சுக்கு இல்ல,
அதச் சுத்தி இருக்கிற வீட்டுக்கு."

நகை போனது. அது கரைந்த அன்று வேலை நின்றது.
வாய் பிளந்த சுவர்,
இரண்டு துண்டாய் சாய்ந்து கிடக்கும் பழைய கடப்பாக்கல்,
அரை மூட்டை சிமெண்ட், மழைக்காற்றில் இறுகிக்கொண்டு.
சிலிண்டரை ஹாலுக்கு இழுத்தோம்.
தெருமுனை இஸ்திரிக்காரர் கழித்துப்போட்ட மேசை,
எழுநூறு ரூபாய்,
நடுவில் பெட்டி சுட்ட கறுப்பு முக்கோணம்.
அதன்மேல் அடுப்பு.
டிவிக்கு நேர் எதிரே தாளிக்கிறேன்,
செய்தி வாசிப்பவர் தும்முவார் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி
தோசை திருப்பும்போது ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது.
உப்பு இல்லை. உப்பு சரி.
எது என்று தெரிய ஒரு தோசை கருகியது.
இடுப்பு வலிக்கவில்லை.

மேஸ்திரி மறந்துவிட்டுப் போன டேப்பை எடுத்து
மேசைக் காலோடு பிடித்தேன்.
முப்பத்து நாலு.
கண்ணை இடுக்கி இன்னொரு தரம் பார்த்தேன்.
முப்பத்து நாலேதான்.

போன் அடித்தது.
"அக்கா, திங்கக்கிழமையிலேர்ந்து எம்-சாண்ட் மறுபடி ஏறுது.
ஒரு லோடு இப்பவே சொல்லிடட்டுமா?"

அந்த 'ஒரு'.

சுவர்ப் பொத்தலிலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது.
அடுத்த கரண்டி மாவை ஊற்றினேன்.
"நாளைக்குச் சொல்றேன் திம்மராயா" என்றேன்,
நிமிர்ந்து நின்றபடி.