சாய்வு

வால்பரைசோவில் சமதளம் என்பது
துறைமுகம் மட்டும்.
மற்றதெல்லாம் படி.
பால் வாங்கப் படி, சவப்பெட்டி இறக்கப் படி,
தபால்காரர் திட்டுவதற்கென்றே சில படிகள்.
இந்த ஊரில் நின்றுகொண்டு
ஏழு வருடமாய்க் கரும்பலகையில்
'சாய்வு' என்று எழுதி
ஒரு கோடு இழுத்தேன்.
உயரத்தைத் தூரத்தால் வகு.
வகுத்தார்கள். மறந்தார்கள்.

கடைசி பெஞ்சில் பால்தசார்
மேசைமேல் தலை சாய்த்திருப்பான்.
அதற்கும் ஒரு கோணம் உண்டு என்று
வகுப்பு சிரிக்க நான் சொன்னதுண்டு.
இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

மே மாதம், மழை கொஞ்சம் வெறித்த ஒரு வியாழன்.
வகுப்பறை ஹீட்டர் செத்துப்போயிருந்தது.
குளிருக்குத் தப்பித்தான் வெளியே கூட்டிப்போனேன்,
கொள்கையால் அல்ல.
அறிக்கையில் பிறகு வேறு மாதிரி எழுதினேன்.

ஓர் அளவுநாடா, ஒரு நீர்மட்டக் குழாய்,
இருபத்தாறு பேர்,
இருநூற்றுப் பதினான்கு படிகள்.
நாடி எண்ண உயிரியல் யோலாந்தா சேர்ந்துகொண்டாள்.
இசை எவாரிஸ்தோ, அழைக்காமலே வந்தவர்,
மூச்சிரைப்புக்குத் தாளம் போடச் சொன்னார்.
மூன்றாம் திருப்பத்தில் கைகள் எல்லாம் தட்டின.
ஒரு ஜன்னல் திறந்து யாரோ ரொட்டி நீட்டினார்கள்.
பாடம் கைநழுவிப் படியில் உருள்கிறது என்று
எனக்குள் ஒரு பதைப்பு.

அப்போது பால்தசார் சொன்னான்:
"தொண்ணூற்றேழில் மாறும்."
என்ன மாறும்?
"சிலிண்டரைத் தோள் மாற்றுகிற இடம்."

விடியுமுன் வீடு வீடாய்
பதினைந்து கிலோ எரிவாயு.
அண்ணனுக்கு முதுகு போனதிலிருந்து இவன்.
மார்ச்சிலிருந்து என் வகுப்பில் இருக்கிறான்.
எனக்கு மே மாதம் தெரிகிறது.

அளந்தோம். புள்ளி வைத்தோம்.
மில்லாராய் வரைபடத் தாளை
முழங்காலில் விரித்துக் கோடு இழுக்க,
தொண்ணூற்றேழில்
கோடு நிமிர்ந்தது,
தூக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் போல.

யாரோ சீட்டியடித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தான்.
"இதில் இறங்குவது எங்கே?"
அதே எண்தான், குறி மட்டும் மாறும் என்றேன்.
"காலி சிலிண்டரோடு, மழையில்,
முழங்காலைக் கேட்டுப் பாருங்கள்."

கேட்டோம்.
இருபத்தாறு பேரும் மெல்ல இறங்கினார்கள்,
அவரவர் கால் நடுங்குவதை
முதல்முறை பார்க்கிறவர்களாய்.
அதை எழுத எங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை.
எவாரிஸ்தோவிடமும் தாளம் இல்லை.

ஜூன் தேர்வில் அவனுக்கு மூன்று புள்ளி எட்டு.
தேற நான்கு வேண்டும்.
கேள்வித்தாளின் படிகளில் மழை பெய்வதில்லை.
இரண்டு தசமம் கூட்டப் பேனாவை எடுத்தேன், வைத்தேன்.
செய்தது சரியா, இன்னும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மறுபடி தூங்கினான்.
மில்லாராய் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டாள்.
யாரும் சிரிக்கவில்லை, நானும்.

கணக்கைக் காலை முதல் மணியிலிருந்து
மதியத்துக்கு மாற்றக் கேட்டு
அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.
'காரணம்' என்ற கட்டத்தில் எழுதியது:
தொண்ணூற்றேழாம் படி.