தின்ற பக்கம்

படகு வரவில்லை.
டீச்சர் அக்கரையில்.
மழை மட்டும் தவறாமல் வேலைக்கு வந்திருந்தது.
சிலோயே தீவின் கடைக்கோடிப் பள்ளியில் அன்று
ஏழு பிள்ளைகள், ஒரு விறகடுப்பு,
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நான்.

யாஸ்னாதான் புத்தகத்தைக் கொண்டுவந்து
மடியில், தோல் குவியல்மேலேயே, வைத்தாள்.
"நொல்பெர்தோ, படி."
கெஞ்சல் இல்லை. உத்தரவு.

கல்யாண வீட்டுக்கு வந்த கடற்சிங்கத்தின் கதை.
இந்தத் தீவில் பல் முளைக்கும் முன்பே
எல்லோருக்குள்ளும் முளைத்துவிடும் கதை.
மீன் சூப்பின் வாசம் பிடித்துக் கரையேறி,
வேலியில் காய்ந்த பாதிரியார் கோட்டுக்குள்
எப்படியோ நுழைந்து, பொத்தான் ஒன்று தெறிக்க,
வாசலில் வந்து நிற்கிறது.
நிற்கிறதா? கிடக்கிறது.
பெருநிலத்துப் பணக்கார மாமா என்று
பெண்வீட்டார் ஈரத் துடுப்பைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.
"பயணமெல்லாம் எப்படி?"
"ஓஃப்."
"அடடா, எவ்வளவு அலுப்பு!" நாற்காலி வருகிறது.
"சொத்தை யார் பேரில் எழுதியிருக்கிறீர்கள்?"
"ஓஃப்."
"பிடிகொடுக்கிறாரா பாருங்கள்! படித்தவர்."

எனக்கு ஓஃப் சொல்ல வரவில்லையாம்.
பஸ்தியான் தரையில் குப்புறப் படுத்துத்
தொண்டையின் அடிக்கிணற்றிலிருந்து ஒன்று இறைத்துக் காட்டினான்.
அடுப்படிப் பூனை எழுந்து வெளியே போனது,
மழை என்றும் பாராமல்.

பன்னிரண்டாம் பக்கத்தில் மாமா
சூப்பு அண்டாவை எட்டிப் பார்க்கிறார்.
அதை ஒட்டியே பதினைந்தாம் பக்கம்:
தேவாலய மணிக்கயிற்றில் தொங்குகிறார்,
கழுத்தில் ட்யூபா, தலையில் மணப்பெண்ணின் முக்காடு.
நடுவில் ஒரு தாள் இல்லை.
முப்பத்தோரு வருஷமாக இல்லை.

இல்லாத தாளை ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள்.
அண்டா கவிழ்ந்ததாம், சூப்பிலேயே சறுக்கி
மேட்டுத்தெரு முழுக்க ஏறியதாம்.
"சறுக்கி எப்படியடா ஏறும்?"
"பின்பக்கமாகச் சறுக்கியது."
ரோசமேல், மாப்பிள்ளையைப் பிடிக்காத மணப்பெண்
மாமாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டாள் என்றாள்.
இரட்டையரில் ஒருத்தி "பறந்தது" என்றாள்.
மற்றவள் "எறிந்தார்கள்" என்றாள்.
அது சண்டையாகி, ஒரு காலுறை
அடுப்பின்மேல் போய் விழுந்து புகைந்தது.

"கிழித்தது யார்?" என்றாள் யாஸ்னா.
அவள் கண் ஊரைச் சுற்றிவிட்டு என்மேல் வந்து நின்றது.
கையில் பாதி உரித்த கிழங்கு.

நான்தான். கிழிக்கவில்லை. தின்றேன்.
எனக்கு அப்போது நாலு வயது.
மைதாப் பசையில் ஒட்டிய புத்தகம், ஓரம் இனித்தது.
ஓரத்தோடு நிறுத்தத்தான் நினைத்தேன்.

"காதில் பூச் சுற்றாதே."
சத்தியம்.
"என்ன ருசி?"
நீலம் இருந்த இடம் உப்பு. எழுத்து கொஞ்சம் கசந்தது.
"அப்படியானால் நடுவில் என்ன நடந்தது, சொல்."
வாசிக்கத் தெரியாத வயதில் தின்றுவிட்டேனே.

கொஞ்ச நேரம் மழையைத் தவிர யாரும் பேசவில்லை.
பிறகு பஸ்தியான் என் ஏப்ரனைத் தூக்கி
வயிற்றில் காது வைத்தான்.
உடனே வரிசை. தள்ளுமுள்ளு.
குளிர்ந்த காது, ஜலதோஷக் காது,
தொப்பியைக் கழற்றாமலே ஒரு காது.
காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை.
உள்ளே எதுவோ உருண்டது, புரண்டது,
படியேறுவதுபோல் நின்று நின்று நகர்ந்தது.

கடைசியில் யாஸ்னா.
எல்லோரையும்விட அதிக நேரம் கேட்டாள்.
ஒருமுறை சிரித்தாள். ஒருமுறை "ஐயோ" என்றாள்.
எழுந்து புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள்.

"என்ன கேட்டது?"
ஆறு பேரும் கேட்டார்கள். நானும்தான் கேட்டேன்.
முப்பத்தோரு வருஷமாகச் சுமக்கிறவன்,
எனக்கு உரிமை இல்லையா?

அவள் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு
"ஓஃப்" என்றாள்.